அறுந்த பெல்ட் சொல்லும் சாட்சி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெட்டு அதற்கும் மேலே சுமார் 1000 மீட்டர். ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து இச்சாலையில் ஏறுகிறார்கள், மாலையில் இறங்குகிறார்கள். இத்தனை பேருடைய பயணமும் எஞ்சினின் முன்புறம் ஓடும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பியிருக்கிறது என்பதை அவர்களில் பலர் அறியார். பணிமனைக்காரர்கள் அதனை ஃபேன் பெல்ட் என்பார்கள்.

பெயர்தான் ஃபேன் பெல்ட். உண்மையில் அது விசிறியோடு தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே சுழற்றுகிறது. அது அறுந்தால் ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும்; வண்டி நிற்கும். இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடப் பம்பு பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் போனால் அந்தப் பம்பும் நிற்கும். சேமிப்பில் உள்ள வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்காது என்பதில்லை. ஆனால் கால் முழு வலிமையோடு ஊன்ற வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும் ஓட்டுநருக்கு அதன் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு பெல்ட் அதன் காலத்துக்கு முன்னரே அறுவது ஏன் என்ற கேள்வி சிறு கேள்வி அன்று. வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு: ‘சரக்கு மட்டம்.’ சில வேளைகளில் அது சரிதான். ஆனால் பெல்ட்டின் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

ஜீப்புகள் வருவதற்கு முன்னர் இம்மலைகளின் சரக்கு வேறொரு வழியில் இறங்கியது. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதை போடப்பட்டது. 1908இல் அது இரண்டடி அகல ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ 1928இல்தான்; அதற்குள் மலைமேலிருந்த ரயில் மறைந்துவிட்டிருந்தது!

கம்பிவடமும் சக்கரமும், பெல்ட்டும் புல்லியும் ஒரே குடும்பம். சக்கரத்தைச் சுற்றிய வடம் வழுக்காமல் பிடித்துக்கொள்வது எப்படி? பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குக் கணக்கு வகுத்தார். 1808இல் ஜெர்மானியப் பொறியாளர் ஐடல்வைன் அதனைப் பொறியாளர்களுக்கு ஏற்ற நூலாக்கினார். தோணியைக் கட்டும் கயிற்றைத் துறையிலுள்ள கம்பத்தில் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.3 என்றால், அரைச் சுற்றில் ஒரு முனையைப் பிடிப்பவர் மறுமுனையில் சுமார் இரண்டரை மடங்கு விசையைத் தாங்கலாம். ஒரு சுற்றில் அது ஆறரை மடங்கு. மூன்று சுற்றில் ஏறத்தாழ 280 மடங்கு. கூட்டல் முறையில் அல்ல, பெருக்கல் முறையில் வளர்வதே இதன் விந்தை. ஆனால் எஞ்சினில் பெல்ட்டை மூன்று சுற்றுச் சுற்ற முடியாது. ஆல்டர்னேட்டர் புல்லியை அது தழுவுவது முழுச் சுற்றில் மூன்றில் ஒரு பங்குதான். பிடிமானத்தை வேறு வழியில் பெருக்கவேண்டும்.

அந்த வழியை ஆலைகள் கண்டுபிடித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே நீராவி எஞ்சின் ஆலை முழுவதையும் ஓட்டியது. கூரைக்கடியில் நீண்ட இரும்புத் தண்டு சுழலும், அதிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் அகலமான தோல் வார் இறங்கும். இங்கிலாந்தின் ஹல் நகரில் 1861இல் தோல் வார் செய்யத் தொடங்கிய ஃபென்னர் நிறுவனத்தின் பெயரில் பின்னாளில் நம் மதுரைக் கோச்சடையிலேயே ஒரு பெல்ட் தொழிற்சாலை எழுந்தது. தட்டையான வாருக்கு மாற்றாகச் சில ஆலைகளில் பருத்திக் கயிறுகளை ஆப்பு வடிவப் பள்ளங்களில் ஓடவிட்டார்கள். கயிறு பள்ளத்தின் அடியில் உட்காராமல் இரு சுவர்களுக்கிடையே இறுகிப் பிடித்தது. தச்சர் மரத்தைப் பிளக்கும் ஆப்பின் தத்துவம் அது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917இல் ரப்பரும் நூலும் சேர்ந்த ஆப்பு வடிவப் பெல்ட்டை உருவாக்கினார். வி-பெல்ட் என்று நாம் சொல்வது இதுவே. பள்ளத்தின் கோணம் 38 பாகை என்று கொண்டால், சுவர்களின் அழுத்தம் உராய்வின் பயனை மூன்று மடங்காக்குகிறது. முன்சொன்ன கணக்கில் அரைச் சுற்றுக்கு இரண்டரை மடங்காக இருந்த விகிதம் 18 மடங்காகிறது! மூன்றில் ஒரு பங்கு தழுவும் சிறு புல்லியிலும் அது ஏழு மடங்குக்கு அருகில் நிற்கிறது.

இங்கே வாசகர் ஒன்றை நன்றாகக் குறித்துக்கொள்ளவேண்டும். வி-பெல்ட் பக்கவாட்டில்தான் வேலை செய்கிறது. அதன் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் ஆப்பு ஆப்பாக இராது. வெறும் தட்டை வாராகிவிடும். அப்போது சிறு புல்லியில் ஏழு மடங்கு என்பது இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் நெடுநாள் உழைக்கும் பெல்ட் ஏற்றச் சாலையில் விரைவில் தளர்வதற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. இரண்டாவது கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. வண்டியோ மெதுவாக ஊர்கிறது. ஓட்டத்தால் வரும் காற்று ரேடியேட்டருக்குக் கிடைப்பதில்லை. குளிர்விக்கும் பொறுப்பு முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. விசிறி இழுக்கும் திறன் அதன் வேகத்தின் முப்படியாக உயரும். வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்கு. ஆக, எஞ்சின் அறை மிகச் சூடாக இருக்கும் அதே நேரத்தில்தான் பெல்ட்டின் சுமையும் உச்சத்தில் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று சுழன்றால், 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் ஒரு மீட்டர் நீளப் பெல்ட் வினாடிக்கு ஏறக்குறைய 20 முறை வலம் வரும். மூன்று புல்லிகளிலும் வளைந்து நிமிர்வதைக் கணக்கிட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு லட்சம் வளைவுகளுக்கு மேல். நல்ல பெல்ட் இதைத் தாங்கவே செய்யப்பட்டது. தாங்காதது வழுக்கலின் சூடு.

இரண்டு குதிரைத் திறனைக் கடத்தும் பெல்ட் பத்தில் ஒரு பங்கு வழுக்கினால் சுமார் 150 வாட் வெப்பம் அதன் மெல்லிய பக்கங்களில் பிறக்கிறது. 25 வாட் பற்றவைப்புக் கோல்கள் ஆறு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூடு பரப்பிலேயே தங்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டார். பெல்ட்டை அதிகமாகச் சூடாக்கினால் அந்தப் பதப்படுத்தல் வண்டிக்குள்ளேயே மீண்டும் தொடர்கிறது எனலாம். ரப்பர் கெட்டியாகி, பளபளத்து, கடைசியில் வெடிக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பெல்ட் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு.

ஒரு தோட்டத்து டீசல் ஜீப்பில் ஒரே மழைக்காலத்தில் மூன்று பெல்ட்டுகள் அறுந்தன. முதலாவதைப் போலிச் சரக்கு என்றார்கள். இரண்டாவதை விலை கொடுத்து நல்ல கடையில் வாங்கினார்கள். அதுவும் சில வாரங்களே உழைத்தது. மூன்றாவதைப் பூட்டியபோது ‘லூஸாக இருந்ததால்தான் வழுக்கியது’ என்று இறுக்கோ இறுக்கு என்று இறுக்கினார்கள். சத்தம் நின்றது. ஆனால் தண்ணீர்ப் பம்பின் பேரிங் இரைய ஆரம்பித்தது, பெல்ட்டும் நிலைக்கவில்லை. முதல் இரண்டு பெல்ட்டுகளும் குப்பைக்குப் போய்விட்டன. கொலையுண்டவரின் உடலை எரித்துவிட்டுத் துப்புத் துலக்குவதுபோல்தான் இது! மூன்றாவது மட்டும் கிடைத்தது. அதை எடுத்துப் பார்த்தோம்.

பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னின. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. வழுக்கியிருக்கிறது என்பது அதனால் உறுதி. ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கவில்லை. ஆகவே எண்ணெய்க் கசிவு காரணமல்ல. இரு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. புல்லிகள் நேர்க்கோட்டில் இருப்பதை நீண்ட இரும்பு அளவுகோலை வைத்தும் சரிபார்த்தோம். ஏதோ ஒரு புல்லி சிக்கி, பெல்ட் நகராமல் நின்று, எஞ்சின் சுழற்றும் புல்லி அதன்மேல் உராய்ந்திருந்தால் ஓரிடத்தில் மட்டும் கருகல் இருக்கும், அதுவும் இல்லை. ஆனால் பெல்ட்டின் அடிப்பக்கமும் மின்னியது. இருக்கக்கூடாத இடத்தில் பளபளப்பு!

ஆல்டர்னேட்டர் புல்லியின் பள்ளத்தில் விளக்கடித்துப் பார்த்தால், தூசும் துருவும் படிந்திருக்க வேண்டிய தரை புதுக் காசுபோல் இருந்தது. சுவர்கள் நேராக இல்லாமல் குழிந்திருந்தன. புதிய பெல்ட்டை வைத்துப் பார்த்தபோது அதன் மேல்பரப்பு புல்லியின் விளிம்புக்கு வெகு கீழே அமுங்கியது. விளிம்போடு சமமாகவோ சற்று மேலாகவோ நிற்பதே முறை. மழைக்காலத் தோட்டப் பாதையின் சேற்றிலுள்ள மணல் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரும்பைச் சாணை பிடித்திருக்கிறது. மூன்று புதுப் பெல்ட்டுகளையும் கொன்றது பழைய புல்லி. எவ்வளவு இறுக்கினாலும் ஆப்பு இறங்க இடமில்லாதபோது பிடி வராது. இறுக்கிய விசையெல்லாம் பேரிங்கின்மேல்தான் போகும். புல்லியை மாற்றிய பிறகு போட்ட பெல்ட் அடுத்த மழைக்காலத்தையும் கடந்து ஓடியது.

இதே முறையில் மற்ற மரணங்களையும் படிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிசிர் தெரிந்தால் புல்லிகள் கோணல். தேய்மானமே இல்லாமல் திடீரென்று அறுந்திருந்தால், பூட்டும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பி உள்ளேயிருக்கும் நூலை முறித்திருக்கக்கூடும். நூல்தான் பெல்ட்டின் எலும்பு, அது வெளியே தெரியாது. இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு: இரு புல்லிகளுக்கிடையே மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில் கட்டைவிரல் அழுத்தத்துக்குப் பெல்ட் இறங்கவேண்டும். அரை மீட்டர் இடைவெளியானால் எட்டு மில்லிமீட்டர். புதுப் பெல்ட் சில மணி நேர ஓட்டத்தில் பள்ளத்தில் படிந்து தளர்வது இயல்பு. ஆகவே பூட்டிய முதல் நாள் மாலையே, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி பார்க்கவேண்டும். நம் பணிமனைகளில் மிகவும் தவறிப்போவது இந்த இரண்டாம் பார்வைதான் என்பது என் கருத்து.

வெடிப்பைப் பார்த்து வயதைச் சொல்லும் பழக்கமும் இப்போது முழுதும் செல்லாது. இயற்கை ரப்பர் காற்றிலுள்ள ஓசோனால் வெடிக்கும். 1931இல் அறிவிக்கப்பட்ட நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் எண்ணெயையும் ஓசோனையும் ஓரளவு தாங்கியது. அதுவும் முதுமையில் வெடிப்புக் காட்டும். வெடிப்புகளை எண்ணிப் பெல்ட்டை மாற்றும் வழக்கம் அந்தக் காலத்தது. 1970களின் இறுதியிலிருந்து, எல்லாக் கருவிகளையும் ஒன்றாகச் சுழற்றும் நீண்ட வரிப்பள்ளப் பெல்ட்டுகள் கார்களில் பரவின. 1990களிலிருந்து அவை எத்திலீன் புரோப்பிலீன் வகை ரப்பரில் வரலாயின. இந்த ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை. செருப்பின் அடிபோல மெல்லத் தேய்கிறது. பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும்; பள்ளங்கள் மட்டும் ஆழ்ந்திருக்கும். பெல்ட்டின் வரிகளுக்கிடையே புல்லியின் முகடுகள் ஆழமாக அமர்ந்து தரையைத் தொடும், பிடி தளரும். ஆப்பு தரையில் உட்காரும் அதே பழைய நோய்தான், இம்முறை புல்லியில் அல்லாமல் பெல்ட்டில். இதைக் கண்டறியச் சிறிய பிளாஸ்டிக் அளவி ஒன்று உண்டு. பெல்ட்டின் பள்ளத்தில் அதை வைத்து, வரிகளின் முகட்டுக்குக் கீழே அது எவ்வளவு இறங்குகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும்.