செப்டிக் டேங்க் விதிகள் (வானூர் – மரக்காணம் வட்டாரம்)

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய இந்த வட்டாரத்தில் வீட்டுக் கழிவுநீர் பெரும்பாலும் செப்டிக் டேங்கிலேயே சேர்கிறது.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470 தொட்டிக்கான அளவுகோல். குறைந்தபட்சக் கொள்ளளவு 1,000 லிட்டர். அகலம் குறைந்தது 75 செ.மீ.; நீரின் ஆழம் குறைந்தது 1 மீட்டர். தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி நல்லது. நிலத்தடி நீர் தரையிலிருந்து 180 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே நிற்கும் இடத்தில் உறிஞ்சுகுழி ஏற்றதல்ல. உப்பளங்களை ஒட்டிய தாழ்நிலங்களுக்கு இதுவே முக்கியமான விதி. மழைக்காலத்தில் அங்கே குழி நீரை உறிஞ்சாது. நிலத்தடி நீரே குழிக்குள் ஏறும். அடியில்லாத உறைகிணற்றைச் செப்டிக் டேங்க் என்று சொல்லிக் கட்டிக்கொள்வது மலிவுதான், ஆனால் அது தொட்டியே அல்ல.

இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை அகற்ற வேண்டும். 2014இல் தமிழக அரசு வெளியிட்ட கசடுக்கழிவு மேலாண்மை வழிகாட்டுதல்கள், அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும் என்கின்றன. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் அத்தகைய நிலையம் உண்டு. 2021இல் பறவைகள் சரணாலயமான கழுவெளி ஈரநிலம் இவ்வட்டாரத்திலேயே இருப்பதால், லாரிகள் கசடை ஓடையில் கொட்டுவது இரட்டைக் கேடு.

பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரிழப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.