எலிமினேட்டர் காட்டிய பதினேழு வோல்ட்

பேட்டரிக் கட்டைகளுக்குப் பதிலாக, வீட்டு மின்சாரத்தைத் தாழ்த்தி ரேடியோவுக்குக் கொடுக்கும் சிறு பெட்டியை ரேடியோ மெக்கானிக்குகள் எலிமினேட்டர் என்பார்கள். பெயர் 1920களில் வந்தது. வால்வு ரேடியோக்களின் கனத்த பேட்டரிகளை ஒழிக்க வட அமெரிக்காவில் விற்ற பெட்டிகளுக்கு அதுதான் பெயர். பெரம்பலூர், அரியலூர் பக்கம் அதற்குத் தேவை வந்தது டிரான்சிஸ்டர் ரேடியோ பரவிய பிறகு.

இவ்விரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 முதல் ஒலிபரப்புகிறது. தொடக்கத்தில் பல ஊர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ ஒன்றே வழி. 1960களில் டிரான்சிஸ்டர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. ஆடுதுறை 27 நெல்லை அந்த நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி பரப்பிய விதத்தில், டெல்டா மக்கள் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். விடிந்தது முதல் இரவு வரை பாடும் பெட்டிக்குக் கட்டை வாங்கி மாளவில்லை. 1957இல் உருவான மின்சார வாரியம் 1970களின் முடிவுக்குள் தமிழ்நாட்டின் மிகப் பெரும்பாலான கிராமங்களுக்குக் கம்பி இழுத்திருந்தது. கரண்ட் இருக்கும் வீட்டில் கட்டை எதற்கு என்ற கேள்வியில்தான் எலிமினேட்டர் பிழைத்தது.

கட்டுவது எளிது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007 டயோடு, 1000 மைக்ரோ கண்டென்சர் ஒன்று, ஒரு துண்டு மரப்பலகை அல்லது தகரப் பெட்டி. ஈயம் ஆறியதும் மீட்டரை வைத்தால் முதல் திகைப்பு வரும். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது 12. மீட்டர் காட்டுவது 17, சில சமயம் 18. டிரான்ஸ்ஃபார்மர் மோசம், டயோடு மோசம் என்று பிரித்துப்போட்டுத் தேடியவர்கள் எத்தனையோ பேர். கோளாறு எதுவும் இல்லை. 12 என்பது மாறுமின்னோட்டத்தின் பயனுறு அளவு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, ஏறத்தாழ 17. கண்டென்சர் அந்த உச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டயோடு பாலத்தில் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் போகும். ஆனால் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாதபோது 12க்குப் பதில் 13, 14 தருவதால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது.

லோடு போட்டதும் கதை மாறும். அரை ஆம்பியர் இழுத்தால், நொடிக்கு 100 முறை வரும் உச்சிகளுக்கு நடுவே 1000 மைக்ரோ கண்டென்சர் நான்கைந்து வோல்ட் சரியும். சராசரி 12க்கு அருகே வந்து நிற்கும். அந்தச் சரிவுதான் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று இரைவது. எனவே விவரமான மெக்கானிக் வெறும் முனையை அளந்து முடிவு சொல்வதில்லை. 12 வோல்ட் பல்பு ஒன்றைக் கோத்துவிட்டு அளப்பார். பழகாதவரின் பிழை கண்டென்சரில் வெளிப்படும்: 12 வோல்ட்டுக்கு 16 வோல்ட் கண்டென்சர் போதும் என்று போட்டால், கொஞ்ச நாளில் அதன் தலை உப்பும், வெடிப்பதும் உண்டு. 25 வோல்ட் போடு என்று கடைகளில் சொல்லித் தந்தது இதனால்தான்.

இரண்டாவது திகைப்பு மீட்டரிலேயே இருந்தது. மலிவான மீட்டர்கள் பலவற்றில் திருகை ஏசியில் வைத்து நேர்மின்னோட்டத்தை அளந்தால் இரண்டு மடங்குக்கும் மேலாகக் காட்டும். கம்பியை மாற்றிப் பிடித்தால் சுழி. 9 வோல்ட் பேட்டரி 20 வோல்ட் ஆகிவிடும். உள்ளே ஒற்றை டயோடு வைத்து, பாதி அலையை மட்டும் அளந்து, முழு அளவாகப் பெருக்கிக் காட்டும் அமைப்பு அது.

மூன்றாவது திகைப்பு வெளியிலிருந்து வந்தது. அதன் காரணம் கம்பியில் வரும் மின்சாரம். சின்ன வெங்காயம் கிணற்று மோட்டாரை நம்பி நிற்கும் பெரம்பலூர்க் காடுகளில், மோட்டார்கள் ஓடும் மாலையில் லைனின் கடைசி வீட்டில் 230 வோல்ட் 170 ஆக இறங்கினால், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 9க்கும் குறைவாகவே தரும். மோட்டார்கள் நின்ற நள்ளிரவில் அதே பெட்டி தாராளமாகக் கொடுக்கும். மாலையில் அளந்ததும் இரவில் அளந்ததும் ஒன்றாக இராததற்கு, கட்டியவர் கை காரணமல்ல.

1970களில் வந்த 7805, 7812 ரெகுலேட்டர்கள் மேலே ஏறுவதை அடக்கின. இறங்குவதை அவற்றால் அடக்க முடியாது. 7812க்கு உள்ளே குறைந்தது 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; உள்ளே 11 வந்தால் வெளியே 9 தான் வரும். ரெகுலேட்டர் போச்சு என்று மாற்றிப் போட்டாலும் அதே 9. அந்த இடத்தில் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால்தான் லோ வோல்டேஜிலும் நின்றது. பதிலுக்கு ரெகுலேட்டர் கூடுதலாகச் சூடேறும் என்பதால் அதன் முதுகில் அலுமினியத் தகடு ஒன்றைத் திருகினார்கள்.

சவூதியிலிருந்து வந்த அடாப்டர்கள் தனிச் சிக்கல். அங்கே வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட் வந்ததால், அதற்கென்று சுற்றிய அடாப்டரை இங்கே 230இல் செருகினால் ஏறக்குறைய இரட்டிப்பு வரும்; சற்று நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை வீசும். இன்றைய சாதாரணச் செல்போன் சார்ஜர் 100 முதல் 240 வரை எதை ஏற்றாலும் 5 வோல்ட் தருகிறது, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் எலிமினேட்டர் இப்போது பெரும்பாலும் பழுதுக்கடை அலமாரியிலும் ஐடிஐ, பாலிடெக்னிக் செய்முறை மேசையிலும்தான் இருக்கிறது. அங்கே மாணவரின் மீட்டரில் இன்றும் முதலில் தெரிவது 17.