தொண்ணூறுகளில் வன்னி கேட்ட பாட்டு



சென்ற தவணையில் எங்கள் பாடசாலையின் பத்தாந்தர மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சேர், 'ரோஜா' படம் வந்தபோது அதை எந்தப் படமாளிகையில் பார்த்தீர்கள்?" என்பது அவள் கேள்வி. நான் சற்றுத் தயங்கி, "பார்க்கவில்லைப் பிள்ளை, கேட்டேன்" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பில் பிழையொன்றுமில்லை. ஆயினும், நான் கூறிய அவ்விடையில் வன்னிப் பெருநிலத்து மக்களின் ஒரு பத்தாண்டு வரலாறு அடங்கியிருக்கின்றது. அதனை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

சென்ற நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டைப் பற்றி எழுதுவோர் அதனைக் கண்ணின் வெற்றிக்காலம் என்றே வருணிப்பர். அவ்வாறு கூறுவதற்குத் தக்க காரணமும் உண்டு. 1991ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி செய்மதி வழியாக ஆசிய நாடுகளின் வீடுகளுக்குள் புகுந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. 1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' உலகெங்கும் படமாளிகைகளை நிறைத்தது. தமிழ்த் திரையிசையிலும் அது ஒரு திருப்பத்தின் காலமாகும். 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜா, 1991இல் 'தளபதி', 1992இல் 'தேவர் மகன்' எனத் தம் ஆற்றலின் உச்சியில் நின்றார். அதே 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் மணிரத்னத்தின் 'ரோஜா' வெளிவந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த முதற் படம் அதுவே. முதற் படத்திற்கே அவர் இந்தியாவின் தேசிய விருதினைப் பெற்றார். 1995இல் 'பாட்ஷா' வந்தது, 'பம்பாய்' வந்தது. நம் நாட்டிலோ, 1982இல் தொடங்கிய ரூபவாகினியின் பின்னர், 1998இல் சக்தி, சூரியன் முதலிய தனியார் தமிழ் ஒலிபரப்புகளும் தோன்றின.

இவையெல்லாம் உலகறிந்த செய்திகள். இவை நிகழ்ந்துகொண்டிருந்தபோது வன்னி எவ்வாறிருந்தது?

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் வவுனியா நகருக்கு வடக்கே, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில், மின்சாரம் என்பது பழங்கதையாயிற்று. மண்ணெண்ணெய், எரிபொருள், உரம், சவர்க்காரம் முதலிய பொருள்களுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. வானொலிப் பெட்டிக்கு வேண்டிய மின்கலமும் அப்பட்டியலில் ஒன்றாகும். நாங்கள் பற்றறி என்று அழைத்த அச்சிறு பொருள் அக்காலத்தில் பொன்னினும் அரிதாயிருந்தது. தேய்ந்த பற்றறியை வெயிலிற் காயவைத்து, இன்னும் ஒரு பாட்டுக்கேனும் உயிர் தருமா என்று பார்த்த வீடுகள் பல. ஆகவே, உலகம் புதிய திரைகளைத் திறந்துகொண்டிருந்த அதே வேளையில், எங்கள் மக்கள் செவியொன்றையே நம்பி வாழ நேர்ந்தது.

இந்நிலையில் அவர்களுக்குக் கைகொடுத்தது யாது? துவிச்சக்கர வண்டியின் டைனமோ.

இரவில் வண்டியின் முன்விளக்கை எரிப்பதற்காகச் சக்கரத்தோடு உராயும்படி பொருத்தப்பட்டுள்ள சிறு கருவி அது. அது தருவது ஏறத்தாழ 6 வோற்று மின்சாரம். 1.5 வோற்று வீதம் நான்கு பற்றறிகள் சேர்ந்தாலும் அதே 6 வோற்றுத்தான். இவ்வொற்றுமையை யார் முதலிற் கண்டார் என்று எந்நூலும் கூறவில்லை; ஊர்தோறும் யாரோ ஒருவர் கண்டிருப்பர். ஆனால் டைனமோவிற் பிறப்பது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆதலின், பழுதடைந்த பெட்டிகளிலிருந்து இருவாயிகளைக் கழற்றி, இடையே இணைத்து, ஓட்டத்தை நேராக்கிக் கொண்டனர். வண்டியை நிறுத்தி, பின்சக்கரம் நிலத்தில் முட்டாதவாறு உயர்த்தி, ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்து பத்துப்பேர் கேட்டனர். பௌதிகவியலில் மின்காந்தத் தூண்டல் என்று கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க வேண்டியதனை, எங்கள் சிறுவர் முற்றத்திலேயே கற்றுக்கொண்டனர்.

ஒலிநாடாவுக்கும் அதுவே வழி. கசெற்றின் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும் என்பது விதி. மிதிப்பவன் களைத்தால் நாடா தளரும். பாடகரின் குரலும் தளர்ந்து, இழுபட்டு, ஈற்றில் முனகலாகிவிடும். "மிதியடா தம்பி!" என்று கூட்டத்திலிருந்து குரல் எழும், பாட்டு மீண்டும் நிமிரும். ரகுமானின் ஒலிப்பதிவு நுட்பத்தை உலகம் வியந்து பேசிய நாள்களில், அவ்விசை எங்களுக்கு ஒற்றை ஒலிபெருக்கி வழியே, ஒரு சிறுவனின் காற்பலத்தின் அளவுக்கே கிடைத்தது. எனினும், அது எங்கள் உள்ளத்தைத் தொடாமற் போகவில்லை.

பார்க்காத படத்தின் பாட்டைக் கேட்பதில் ஒரு தனித்தன்மை உண்டு. படத்தைப் பார்த்தவனுக்கு அப்பாட்டு ஒரே காட்சியோடு கட்டுண்டுவிடுகின்றது. பார்க்காதவனோ தனக்குத் தெரிந்த உலகத்தைக் கொண்டு அதனை நிரப்புகின்றான். 'ரோஜா' கணவனைப் பறிகொடுத்துக் காசுமீரத்தில் தேடி அலையும் ஒரு பெண்ணின் கதை. அக்கதையைச் செவிவழியாக அறிந்த எங்கள் பெண்கள் சிலருக்குக் காசுமீரம் தேவைப்படவில்லை. காணாமற்போனவரைத் தேடுவது என்னவென்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

திருச்சி வானொலியும், கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியும், இரவிற் செய்திக்காகக் காத்திருந்த பி.பி.சி. தமிழோசையும் அக்காலத்தில் எங்கள் துணைகள். அப்பிரதேசத்தைத் தம் ஆட்சியின் கீழ் வைத்திருந்த விடுதலைப் புலிகள் 1990ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் 'புலிகளின் குரல்' என்னும் வானொலியைத் தொடங்கினர். எதிரெதிரான குரல்களை ஒரே முள்ளை நகர்த்தி நகர்த்திக் கேட்டவர்கள் எம்மக்கள். ஒன்று கூறாததை மற்றொன்றிற் கேட்டு, இரண்டும் கூறாததைத் தாமே உய்த்துணர்ந்து கொண்டனர். செய்தியை ஆராய்ந்து ஏற்கும் பழக்கத்தை அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்டுதல் தகும். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி, பின்னர் சன் தொலைக்காட்சியிலும் இடம்பெற்றுத் தமிழ்நாட்டில் பெரும்புகழ் அடைந்தது. ஈழத்துச் செவிக்கெனப் பிறந்த ஒரு விளையாட்டு கடல் கடந்து கண்ணுக்கும் விருந்தாயிற்று. நாங்களோ அதனைத் திரையிற் காணும் வசதியின்றி, இடம்பெயர்ந்த கொட்டிலின் வாயிலில் எங்களுக்குள்ளேயே விளையாடிக்கொண்டிருந்தோம்.

இடப்பெயர்வு என்றேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டனர். அவர்களுட் பலர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996ஆம் ஆண்டில் கிளிநொச்சி மக்களும் வீடிழந்து, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று மரநிழல்களைத் தேடிச் சென்றனர். அப்போது இளம் ஆசிரியனாயிருந்த நானும் அக்கூட்டத்தில் ஒருவன். யாழ்ப்பாணத்தார் தம் பொதிகளுக்குள் கசெற்றுகளையும் கொண்டுவந்தனர். வன்னியார் தம்மிடமிருந்த காத்தவராயன் கூத்தையும் கோவலன் கூத்தையும் அவர்களுக்குக் காட்டினர். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நாளில் நெடுந்தூரம் நடந்து சென்றவர்களுள், அதற்கு முன்னர் அவ்வூரைக் கண்டிராதவர் பலர். எப்போதாவது ஒருநாள் எரிபொருள் கிடைத்தால் மின்பிறப்பாக்கி முழங்கும். ஊரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் விடியும்வரை அமர்ந்திருக்கும். விடிந்ததும் அவ்வோசை அடங்க, மீண்டும் சைக்கிள்தான்.

வறுமையைப் புகழ்வதற்காக இவற்றை நான் கூறவில்லை. பற்றறி கிடைத்திருந்தால் ஒருவரும் மிதித்திருக்கமாட்டார். மருந்துக்கும் அரிசிக்கும் ஏங்கிய காலத்தை இனிய காலமென்று கூறுவது, அதில் மாண்டவர்க்குச் செய்யும் அவமதிப்பாகும். நான் கூற விழைவது வேறு. அக்காலத்தைப் பற்றி எழுதப்படும் நூல்களைப் புரட்டினால், படைநடவடிக்கைகளின் பெயர்களும் வீழ்ந்த முகாம்களின் பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. அவற்றினிடையே மக்கள் எதைக் கேட்டுச் சிரித்தார்கள், எதைப் பாடிக் கண்ணயர்ந்தார்கள் என்பது காணப்படவில்லை. அதனைப் படித்து வளரும் பிள்ளை, தன் பெற்றோர் பத்தாண்டுகள் அஞ்சி ஒளிந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று எண்ணுமாயின், குறை பிள்ளையினுடையதன்று.

2002ஆம் ஆண்டில் ஏ-9 வீதி திறந்தபோது தொலைக்காட்சிப் பெட்டிகளும் இறுவட்டுகளும் வந்து குவிந்தன. டைனமோ மீண்டும் விளக்குக்கே உரியதாயிற்று. 2009இல், நடந்த கால்களோடு எஞ்சியவர்களிடம் கசெற்றும் இல்லை, பெட்டியும் இல்லை. என் தங்கை ஒரு கொப்பியில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளை வானொலியிற் கேட்டுக் கேட்டு எழுதிவைத்திருந்தாள். கேட்டது தெளிவில்லாத இடங்களில் தன் சொற்களை இட்டு நிரப்பியிருந்தாள். ஒரு தகரப் பெட்டியிலிட்டு அதனைப் புதைத்துவிட்டுச் சென்றோம். திரும்பிவந்து தோண்டியபோது கறையான் அரித்த மண்ணே இருந்தது. மூலப் பாட்டுகள் இன்றும் எங்கும் கிடைக்கும். அவள் இட்டு நிரப்பிய சொற்கள் இனி எங்கும் கிடைக்கமாட்டா.

அதனால், இம்முறை வரலாற்றுப் பாடத்திற்கு எங்கள் மாணாக்கருக்கு ஒரு வேலை கொடுத்துள்ளேன். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் சென்று, "அக்காலத்தில் என்ன பாட்டுக் கேட்டீர்கள், யார் மிதித்தார்கள்?" என்று கேட்டு, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதி வரவேண்டும். முதலிற் கேள்வி கேட்ட மாணவியே முதலில் எழுதி வந்தாள். மிதித்தவர் அவளுடைய பெரிய மாமா. அவர் இப்போது இல்லை. அவர் பெயரை அவள் வீட்டார் அன்றுதான் பல ஆண்டுகளின் பின் வாய்விட்டுக் கூறினார்களாம்.

நேயர்களே, அன்று சைக்கிளை மிதித்த சிறுவர் இன்று ஐம்பதை எட்டிவிட்டனர். அவர்களுக்கு அருகிலிருந்து கேட்ட முதியோருட் பலர் மறைந்துவிட்டனர். உங்கள் இல்லத்திலும் அவ்வாறான ஒருவர் இருப்பாராயின், இன்றிரவே அவரருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் பாடினால் எழுதிக்கொள்ளுங்கள். சொல் பிழையாயிருந்தாற் திருத்த வேண்டாம்.