கொல்லிமலையில் பிராண்ட் தம்பதியரின் மருத்துவ, சமூகப் பணி

இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் ஜெசி மான் பிராண்ட் (1885–1929), எவ்லின் கான்ஸ்டன்ஸ் பிராண்ட் (1879–1974) என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 1913 முதல் செய்த கிறித்தவ ஊழியம். மருத்துவம், கைத்தொழில், ஆதரவற்ற பிள்ளைகளின் பராமரிப்பு ஆகியவை இதில் சமயப் போதனையோடு சேர்ந்தே நடந்தன. வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவத்துக்குப் புது வழி காட்டிய டாக்டர் பால் பிராண்ட் இவர்களுடைய மகன்.

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும் அறப்பளீசுவரரும் ஆகாய கங்கையும் நினைவுக்கு வரும். நூறாண்டுகளுக்கு முன் அடிவாரத்து மக்களுக்கு அது காய்ச்சல் மலை. மலேரியாவுக்கு அஞ்சி அரசு ஊழியர்களே மேலே தங்கத் தயங்கினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுச் சாலை அப்போது இல்லை. நடந்து ஏற வேண்டும், அல்லது டோலியில் போக வேண்டும். பல நாடுகளாகப் பிரிந்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, கேழ்வரகு, தினை பயிரிட்டார்கள். உப்புக்கும் துணிக்கும் சமவெளி வியாபாரியை நம்பியிருந்தார்கள். விளைச்சலுக்கு முன்பே கைநீட்டிக் கடன் வாங்கியவனுக்கு விளைந்த பிறகு விலை பேச வாய் இருக்காது. நோயும் கடனும் ஒன்றையொன்று வளர்த்த இடம் அது.

ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியராக ஜெசி 1907இல் இந்தியா வந்தார். அடிவாரத்துச் சேந்தமங்கலம்தான் மிஷனின் நிலையம். வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றிருந்தாரே தவிர, அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். எவ்லின் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், ஜெசியைவிட ஆறு வயது மூத்தவர். 1913இல் திருமணம் முடிந்ததும் இருவரும் மலையேறி வாழவந்தியில் குடியேறினார்கள். ஜெசி கட்டிய வீடு மரத்தால் ஆனது. பலகைகளைக் கீழேயே அறுத்துத் தயாரித்துச் சுமையாட்கள் மேலே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் எதிர்கொண்ட நோய்களில் நரம்புச் சிலந்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிணற்று நீரோடு உடலுக்குள் போகும் இந்தப் புழு ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளமாக வெளிப்படும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்து ஆளை முடமாக்கும். ஜெசி அதன் முனையை ஒரு குச்சியில் மாட்டி, நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார். ஒரு புழுவை எடுத்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். புண்ணோடு ஒருவர் கிணற்றில் இறங்கினால் ஊருக்கே நோய் பரவும் என்பதால், கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, மேலிருந்தே நீர் இறைக்கச் சொன்னார். சிகிச்சையைவிட இந்தச் சுவர்தான் பெரிய மருத்துவம் என்று தோன்றுகிறது. எவ்லினும் பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் இதே பாடத்தைச் சொன்னார். இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2000இல்தான் அறிவித்தது.

தச்சு, நெசவு, ஓடு செய்தல், பட்டுப்புழு வளர்ப்பு ஆகியவற்றையும் ஜெசி கற்றுக்கொடுத்தார். கையில் ஒரு தொழில் இருந்தால் வியாபாரியின் கடன் நோட்டுக்கு வெளியே வாழ வழி பிறக்கும் என்பது அவர் கணக்கு.

மருந்துக்கு வந்த கூட்டம் மதத்துக்கு வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்ததால் பல ஆண்டுகள் யாரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. முதல் உலகப் போரின் முடிவில் உலகையே வாரிய விஷக்காய்ச்சல் மலையையும் தொட்டது. தம்பதியர் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பூசாரியும் மனைவியும் நோயில் விழுந்தபோது அவர்களைக் கவனித்ததும் இவர்களே. சாகும் தறுவாயில் பூசாரி தம் பெண் குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அவள் அவ்வீட்டில் வளர்ந்தாள். அதற்குப் பிறகே மலையில் ஒரு சிறு சபை உருவானது. ஊழியம் மதம் மாற்றுவதையும் நோக்கமாகக் கொண்டிருந்தது, அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆனால் மக்கள் நம்பியது பிரசங்கத்தைக் கேட்டு அல்ல, நோயில் கிடந்தபோது யார் வந்தார்கள் என்பதைப் பார்த்து.

1923இல் மகன் பாலையும் மகள் கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு இருவரும் திரும்பினார்கள். 1929 ஜூனில் ஜெசி மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். சாவுச் செய்தி தந்தியில் வந்தது. அதற்குப் பின்னும் அவர் மகனுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தன.

எவ்லினின் பெரும்பணி இதற்குப் பிறகுதான். வயதைக் காரணம் காட்டி மிஷன் ஓய்வு கொடுத்தபோது அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அமைப்பை விட்டு விலகி, தம் பொறுப்பிலேயே மலைக்குப் போனார். கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன் மலை, பச்சைமலை என்று சுற்றிலுமுள்ள மலைகளுக்கும் மட்டக்குதிரையில் ஏறிச் சென்றார். விழுந்து எலும்பு முறிந்தது, கால்கள் வலுவிழந்தன. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். யாரும் வேண்டாமென்று விட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இருந்ததில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், 95 வயதில் காலமானார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தந்தையைப் போலவே மலையில் தாமே வீடு கட்டும் ஊழியராக வேண்டும் என்று விரும்பிய பால், முதலில் கற்றது கட்டடத் தொழில், மருத்துவம் பிறகுதான். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நல்ல நிலையிலுள்ள தசையின் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கவைக்கும் அறுவையை அங்கே உருவாக்கினார். குணமான பின்னும் ஊரார் வேலை தராததைக் கண்டு, நோயாளிகளுக்குத் தச்சு போன்ற தொழில் கற்பிக்கும் நவஜீவ நிலையத்தையும் அங்கேயே தொடங்கினார்.