கராத்தே சங்கப் பிளவு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கம் இரண்டாக உடைந்ததைப் பற்றிய ஆய்வு; கருத்து வேறுபாடு நட்புறவுகளை எப்படி மாற்றியமைக்கிறது என்பதற்கு இன்றுவரை காட்டப்படும் ஓர் உதாரணம். மானுடவியலாளர் வெய்ன் சக்கரி இதை 1977-இல் வெளியிட்டார்.

சண்டை கட்டணத்தைப் பற்றியது. உயர்த்த வேண்டும் என்றார் பயிற்றுநர். கூடாது என்றார் தலைவர். கூட்டத்துக்கு எவர் ஆட்கள் அதிகம் வருகிறார்களோ அவர்கள் தீர்மானமே நிறைவேறும். ஆகவே கூட்டம் பற்றிய சேதி தன் பக்கத்து நண்பர்களுக்கு மட்டுமே காதோடு காதாகப் போனது. பேச்சு ஓடிய இடத்தில் உறவு இறுகியது, ஓடாத இடத்தில் தளர்ந்தது. கடைசியில் பயிற்றுநர் நீக்கப்பட்டார். ஆதரவாளர்கள் விலகித் தனிச் சங்கம் கண்டார்கள்.

34 பேரின் நட்பு வரைபடத்தை வைத்தே சக்கரி 33 பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்பதைச் சரியாகக் கணித்தார். தப்பியவர் ஒருவர்: தலைவரின் ஆதரவாளர்தான், ஆனால் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்ததால் பயிற்றுநரோடு போய்விட்டார். கொள்கையைவிடப் பட்டை பெரிது!

கருத்தும் நட்பும் இப்படி ஒன்றையொன்று மாற்றுவதற்கு 2006-இல் இயற்பியலாளர்கள் ஹோல்மேயும் நியூமனும் கணித வடிவம் தந்தனர். அவர்களின் மாதிரியில் ஒருவர் நண்பரின் கருத்தை ஏற்கிறார், அல்லது உறவை வெட்டி ஒத்த கருத்துள்ளவரோடு சேர்கிறார். வெட்டுவது ஓர் அளவைத் தாண்டினால், ஒரே கருத்துள்ள பெருங்குழு உருவாவதற்குப் பதில் வலைப்பின்னல் பல சிறு குழுக்களாகச் சிதறுகிறது.