ஆம்பூர் பக்கம் காட்டுப் பாதையில் ஓடலாமா? தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆம்பூரைச் சுற்றி மலை, காடு, பாலாறு எல்லாமே இருக்கு. ஆனா, நினைத்த இடத்தில் காட்டுக்குள் ஓட முடியாது.

ஏன் அனுமதி?
2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அதன்பிறகு விதிகள் கடுமையாகின. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம்.

எங்கே போகலாம்?
தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. திருப்பத்தூர் மாவட்டத்தில் ஏலகிரி சுவாமிமலை, ஜலகாம்பாறை பாதைகளுக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். வழிகாட்டியோடு நடந்துதான் போகணும். காட்டுத்தீ சீசனில் பாதைகள் மூடப்படும்.

ஓடணும்னா?
காட்டுக்கு வெளியே உள்ள கிராமச் சாலைகள்தான் பாதுகாப்பு. வறண்ட பாலாற்று மணலை நம்ப வேண்டாம். ஆம்பூரில் மழை இல்லாவிட்டாலும், ஆந்திரப் பகுதியில் கொட்டினால் திடீர் வெள்ளம் வரும்.