மதுராக்கால் பூஞ்சையின் வளர்வடிவங்கள்

மதுராக்கால் என்பது, மண்ணில் வாழும் சிலவகைப் பூஞ்சைகளோ, பூஞ்சையைப் போலவே இழைவிட்டு வளரும் பாக்டீரியாக்களோ முள் தைத்த காயத்தின் வழியே தோலுக்கடியில் புகுந்து, ஆண்டுக்கணக்கில் பாதத்தை வீங்கச் செய்து, புரையோடிய துளைகளின் வழியே சீழுடன் சிறு குருணைகளை வெளித்தள்ளும் நாட்பட்ட நோயாகும். மருத்துவ நூல்களில் இதன் பெயர் மைசிட்டோமா. திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் போன்ற மானாவாரி நிலங்களில் வெறுங்காலுடன் உழைப்பவருக்கு உடைமுள்ளோ கருவேல முள்ளோ தைப்பது அன்றாட நிகழ்ச்சி. கிருமி உடலுக்குள் செல்ல அதற்குமேல் வேறு வழி எதுவும் வேண்டியதில்லை.

இந்நோயை உண்டாக்கும் பூஞ்சைகளுள் முதன்மையானது மதுரெல்லா மைசிட்டோமாட்டிஸ். ஆய்வகத்தின் வளர்தட்டில் இது மெல்லப் பரவும் இழைத்திரளாக வளர்ந்து, தான் பற்றிய ஊடகத்தையும் பழுப்பாக்குகிறது. மனிதத் திசுவிலோ அதே இழைகள் பரவாமல் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னி, பழுப்பு நிறப் பசைப்பொருளில் புதைந்து, கடுகளவோ அதனினும் சிறியதோ ஆன கரிய குருணையாக இறுகுகின்றன. குருணையை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் இழைகள் நாற்புறமும் ஓடுவதையும், விளிம்பில் அவற்றின் செல்கள் உப்பித் தடித்த சுவருடன் நிற்பதையும் காணலாம்.

மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் 1842இல் இந்நோயை விவரித்தார். ‘மதுராக்கால்’ என்னும் பெயரைக் கோல்புரூக் 1846இல் எழுத்தில் கையாண்டார். பம்பாயில் பணிபுரிந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர், கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர். அவர் இந்நோய் பூஞ்சையால் வருவது எனக் கண்டு, 1860இல் மைசிட்டோமா என்று பெயரிட்டார். ஆயினும் திசுவில் குருணையாகக் கண்ட பூஞ்சை வெளியே வளர்ந்தால் எவ்வாறு தோன்றும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. ஆகவே மாதிரிகளில் வளர்ந்த செந்நிறப் பூஞ்சணமே நோய்க்காரணி எனக் கருதப்பட்டு, பெர்க்லி என்னும் பூஞ்சையியலார் அதற்குக் கார்ட்டரின் பெயரையும் சூட்டினார். அது தற்செயலாக வந்து ஒட்டிய பூஞ்சணம். லூயிசும் கன்னிங்காமும் 1875இல் கல்கத்தாவில் வெளியிட்ட அறிக்கையில் அத்தொடர்பை ஏற்கவில்லை. கார்ட்டரின் அடிப்படைக் கருத்து சரியாகவே இருந்தும், குருணையை இழையாக வளர்த்துக் காட்டும் வரை அது ஐயத்துக்குரியதாகவே நின்றது. பாஸ்டனில் ரைட் 1898இல் கரிய குருணையிலிருந்து இழைப்பூஞ்சையை வளர்த்தெடுத்தார். புரும்ப்ட் 1905இல் மதுரெல்லா என்னும் பேரினத்தை நிறுவினார். பூஞ்சையால் வருவதையும் பாக்டீரியாவால் வருவதையும் பினோய் 1913இல் வகைப்படுத்திப் பிரித்தார்.

பூஞ்சைகளில் இத்தகைய வடிவமாற்றத்தைத் தூண்டும் காரணிகளுள் வெப்பநிலை பெரிதும் ஆராயப்பட்டது. ஸ்போரோத்ரிக்ஸ், ஹிஸ்டோபிளாஸ்மா ஆகிய பூஞ்சைகள் 25 டிகிரி செல்சியசில் இழையாகவும், 37 டிகிரியில் மொட்டுவிட்டுப் பெருகும் ஈஸ்ட்டாகவும் வளர்கின்றன. இவ்வீருருத் தன்மைக்கு ஒரு நொதி தேவை என்பது 2006இல் ஹிஸ்டோபிளாஸ்மாவிலும் பிளாஸ்டோமைசிஸ் என்னும் பூஞ்சையிலும் காட்டப்பட்டது. கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை இதற்கு நேர்மாறாக, 37 டிகிரியில் இரத்தச் சீரத்தில் வைத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஈஸ்ட்டிலிருந்து முளைக்குழல் விடுகிறது. மதுரெல்லாவை இவற்றோடு ஒன்றாக வைக்க இயலாது. 37 டிகிரியில் நன்கு வளரும் அப்பூஞ்சை அவ்வெப்பத்திலும் இழையாகவே இருப்பதால், குருணை உருவாவதற்கு உடல்வெப்பம் மட்டும் போதாது. திசுவின் எதிர்ப்பும் அங்கு குவியும் புரதங்களும் சேர வேண்டும் எனக் கருதப்படுகிறது. ஊட்டத்துக்கும் பங்குண்டு: சத்துக்குறைந்த ஊடகத்தில் சில தனிவகைகள் வித்துகளை ஈனுகின்றன, நாட்பட்ட வளர்ப்பிலோ கரிய கட்டிகள் தோன்றுகின்றன.

குருணையின் கருமைக்குக் காரணமான மெலனின் என்னும் நிறமி இட்ராகோனசோல் போன்ற மருந்துகளின் ஆற்றலைக் குறைக்கிறது. வளர்தட்டில் எளிதில் அடங்கும் பூஞ்சை காலுக்குள் அடங்காமைக்கு இதுவும், மருந்து ஊடுருவ விடாத அந்தப் பசைப்பொருளும் காரணங்களாகின்றன. 2016இல் உலக சுகாதார அமைப்பின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற இந்நோய்க்கு, பூஞ்சையால் வருமிடத்து, மாதக்கணக்கில் மருந்து உண்பதோடு குருணைகள் நிறைந்த பகுதியை அறுத்தெடுப்பதும் இன்றளவும் சிகிச்சையாக உள்ளது.